பிள்ளையும் வடலியும்

மரங்களைப் பேணுதல் நன்று என்பதை மறுப்பார் ஒருவருமிலர். பாடப்புத்தகத்தில் அது உண்டு. பரீட்சையில் அதுபற்றிய வினாவும் உண்டு. பிள்ளைகள் சரியான விடையெழுதிப் புள்ளிகளும் பெறுகின்றனர். அவ்விடையை எழுதிய பிள்ளையே பாடசாலை விட்டுத் திரும்பும் வழியில் வேலியோரத்துப் பூவரசின் பட்டையைக் கீறிச் செல்வதையும் ஊரார் காண்கின்றனர். அந்தப் பிள்ளை கெட்ட பிள்ளையன்று. மரத்தைப் பற்றி அது அறிந்திருக்கிறது. மரத்தை அது அறியவில்லை. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தை எவ்வாறு குறைப்பது என்பதே இப்பேச்சின் பொருள்.

இதனைப் பொதுவாகப் பேசப் புகுந்தால் அறிவுரையே மிஞ்சும். ஆதலின் யாழ்ப்பாணக் குடாநாட்டை எடுத்துக்கொள்வது பொருத்தமாகும். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு அங்கே ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் மாத்திரம் நீர் காணும் வழுக்கையாற்றையே ஆறு என்று சொல்லி மக்கள் மனநிறைவு கொள்கின்றனர். குடிப்பதற்கும் இறைப்பதற்கும் உரிய நீர் பெரும்பாலும் நிலத்தின் கீழுள்ள சுண்ணக்கற் பாறையின் இடுக்குகளிலே தங்கிய மழைநீரேயாம். அந்நன்னீர் அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள மூன்று மாதங்களிலே ஆண்டு மழையின் பெரும்பகுதி பெய்து தீர்ந்துவிடும். எஞ்சிய மாதங்களில் வெயிலும் காற்றுமே மிகுதி. இத்தகைய நிலத்தில் நிழலென்பது அலங்காரமன்று. மண்ணின் ஈரத்தைக் காப்பதும், காற்றைத் தடுப்பதும், உதிர்ந்த இலையால் மண்ணுக்கு உரமூட்டுவதும் மரமே. வயலுக்கும் தோட்டத்துக்கும் பூவரசங்குழை தாழ்த்திய உழவர் இதனை எந்தப் புத்தகத்திலும் படித்தறிந்தவரல்லர்.

அந்நாட்டின் தலையாய மரம் பனை. வில்லியம் பேர்குசன் என்னும் தாவரநூல் அறிஞர் 1850ஆம் ஆண்டிலே இலங்கைப் பனையைப் பற்றித் தனி நூலொன்று எழுதி வெளியிட்டார். பனையின் பயன்கள் 801 என்று தமிழிலே வழங்கிய கணக்கை அவர் அதிலே குறிப்பிடுகின்றார். இன்று ஒரு வகுப்பறையிலே பனையின் பயன்களைக் கூறும்படி கேட்டால், நுங்கு, பனங்கிழங்கு, பனங்கட்டி என்று மூன்று நான்கு சொல்லிப் பிள்ளைகள் நிறுத்திவிடுவர். அதே வினாவைப் பேர்த்தியார் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாட்டியிடம் கேட்டால் விடை நிற்காது. ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு, கூரை வேயும் ஓலை, நீரிறைக்கும் பட்டை, வீட்டுக்கு வளையும் சலாகையும், வேலிக்குக் கருக்குமட்டை, ஈர்க்கு, தும்பு என்று அது நீளும். வகுப்பறையின் நாலுக்கும் பாட்டியின் நாற்பதுக்கும் இடையிலே ஒரு தலைமுறையின் இழப்பு அடங்கியிருக்கிறது.

அவ்விழப்பு எவ்வாறு நேர்ந்தது என்பதை நேயர்கள் அறிவார்கள். 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் இலட்சக்கணக்கான பனைகள் அழிந்தன. எறிகணை பட்டு வீழ்ந்தவை சில. பதுங்குகுழிக்கும் காவலரணுக்குமாகத் தறிக்கப்பட்டவை பல. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களுட் பலர் இருபதாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே தம் காணிகளை மீளக் கண்டனர். அங்கே வேலியில்லை, கூரையில்லை. எல்லை எதுவென்பதைக் கிணற்றுக்கட்டும் எஞ்சி நின்ற மரமுமே சொல்ல வேண்டியிருந்தது. முகாமிலே பிறந்து வளர்ந்த பிள்ளை தந்தையின் கையைப் பற்றிக்கொண்டு அக்காணியிற் கால்வைத்தபோது, தந்தை ஒவ்வொரு மரத்தின் பெயரையும் இடத்தையும் சொன்னார். பிள்ளையின் கண்ணுக்கோ பற்றைக்காடே தெரிந்தது. மரங்கள் மாத்திரம் அழியவில்லை. மரத்தைப் பற்றிய பேச்சும் இடையிலே அறுந்துபோயிற்று. அறுந்த அப்பேச்சை மீண்டும் தொடுத்தற்குரிய இடம் பாடசாலையாகும்.

பாடசாலைகள் இதற்கென ஒன்றுமே செய்வதில்லை என்று கூறுதல் நியாயமன்று. 1972ஆம் ஆண்டு ஸ்ரொக்கோம் மாநாட்டை அடுத்து, யூன் மாதம் 5ஆம் நாளை உலகச் சூழல் தினமாக ஐக்கிய நாடுகள் சபை குறித்தது. அன்று எத்தனையோ பாடசாலைகளிலே மரக்கன்று நாட்டப்படுகிறது. விருந்தினர் வருகிறார், மாணவர் வரிசையில் நிற்கின்றனர், கைதட்டலும் புகைப்படமும் நடைபெறுகின்றன. ஆயினும், வடபகுதியிலே யூன் மாதம் என்பது வைகாசி கடந்து ஆனி பிறக்கும் காலம். மழை பெய்ய இன்னும் நான்கு மாதங்கள் உள. தென்மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசுகின்றது. நாட்டிய கன்று ஆடி மாதத்திலே வாடுகிறது. ஆவணி விடுமுறையிலே காய்கிறது. பாடசாலை மீண்டும் தொடங்கும்போது அங்கே நிற்பது பெயர்ப்பலகை மாத்திரமே. அடுத்த ஆண்டு அதே குழியிலே இன்னொரு கன்று நாட்டப்படும்.

இதனால் விளையும் கேடு ஒரு கன்று பட்டுப்போனதோடு முடிவதன்று. மரம் நடுதல் என்பது ஒருநாட் சடங்கு, அதன்பின் மரத்துக்கு என்ன நேர்ந்தாலும் கேட்பாரில்லை என்னும் பாடத்தைப் பிள்ளைகள் கண்ணாரக் கற்கின்றனர். வாயாற் சொன்ன பாடத்தைக் காட்டிலும் கண்ணாற் கண்ட பாடமே மனத்தில் ஊன்றும். ஆகவே, நட்டுவிட்டு மறப்பதைக் காட்டிலும் நடாதிருப்பது நன்று என்றுகூடத் தோன்றும். ஆனால், அதற்கும் மேலான வழியுண்டு. ஆனி மாதத்தைக் கைவிட வேண்டியதில்லை. அம்மாதத்துக்கு ஏற்ற வேலையை அதற்குக் கொடுத்தாற் போதும்.

ஆனியிலும் ஆடியிலும் வேப்பம்பழம் உதிர்கின்றது. வேப்பம்விதை நெடுநாள் உயிர்வைத்திருப்பதன்று. சில கிழமைகளிலே முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். ஆதலின், உதிர்ந்தவுடனே பொறுக்கிச் சதையைக் கழுவி, மண்ணும் எருவும் நிரப்பிய சிறு பைகளிலோ தேங்காய்ச் சிரட்டைகளிலோ இடவேண்டும். சில நாட்களிலே முளை தோன்றும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிரட்டை என வைத்தால், நிழலில் அதனை வைத்து நாடோறும் ஒரு கை நீர் தெளிப்பது சிறு பிள்ளைக்கும் இயலும். விடுமுறையிலே சிரட்டையை வீட்டுக்குக் கொண்டு செல்லலாம். ஐப்பசி மழை விழுந்து மண் நனைந்ததும் அக்கன்றை நிலத்தில் வைக்கலாம். சூழல் தினத்தன்று தொடங்கிய வேலை இவ்வாறு ஐப்பசியில் நிறைவுறும். இடையிலுள்ள நான்கு மாதங்களே உண்மையான பாடம்.

மரத்தோடு பிள்ளையை உறவாக்குதல் தமிழருக்குப் புதிய கலையன்று. நற்றிணையிலே நெய்தல் நிலத்துப் பாட்டொன்று உண்டு. தோழியரோடு விளையாடிய பெண்கள் புன்னை விதையொன்றை மணலில் அழுத்திவிட்டு மறந்து போயினர். அது முளைத்தது. அதற்கு நெய்யும் பாலும் வார்த்து வளர்த்தனர். வளர்ந்த புன்னையைச் சுட்டி, அது மகளுக்கு உடன்பிறந்தாள் எனவும், மகளிலும் மேலானவள் எனவும் தாய் பாராட்டினாள். வளர்ந்து பருவமெய்திய மகள், உடன்பிறந்தாள் முன்னிலையிலே காதலனோடு சிரித்துப் பேச நாணுகிறாள் என்பது அப்பாட்டின் பொருள். காதலைப் பற்றிய பாட்டேயாயினும், ஆசிரியர் கற்றுக்கொள்ளத்தக்க நுட்பமொன்று அதிலே இருக்கிறது. அத்தாய் புன்னையின் பயன்களை வரிசைப்படுத்தவில்லை. மரம் வெட்டுதல் தீது என்று உபதேசிக்கவுமில்லை. மகளின் கை ஊற்றிய பாலை நினைவூட்டி, உறவுமுறையொன்றைச் சொன்னாள். அவ்வளவே. கை வளர்த்ததை மனம் காக்கும் என்பதை அவள் அறிந்திருந்தாள்.

கைவளர்ப்புக்கும் ஒரு முறையுண்டு. ஐந்து வயதுப் பிள்ளையின் பொறுமை சில நாட்களுக்கே போதும். அதன் கையிலே பத்தாண்டு கழித்துக் காய்க்கும் கன்றைக் கொடுத்தல் அதன் இயல்பறியாச் செயலாகும். யாழ்ப்பாணத்துப் பழைய வேலிகள் இதற்கு நல்ல விடை தருகின்றன. மழைக்காலத்திலே கிளுவையிலோ பூவரசிலோ முள்முருக்கிலோ வெட்டிய கதியாலை ஊன்றிவிட்டால், சில கிழமைகளிலே கணுக்களிற் பச்சை தளிர்க்கும். வெறுங்கம்பு உயிர்பெறுவதைப் பிள்ளை தன் கண்ணாற் காண்கிறது. அதனிலும் பெரிய வியப்பை வேறெந்தப் படமும் காட்டமாட்டாது. ஆகையால் முதல் வகுப்புகளுக்குக் கதியால் உரியது.

எட்டு ஒன்பது வயதிலே முருங்கைத் தடியொன்றைக் கொடுக்கலாம். ஓரிரு ஆண்டிலே அது காய் தரும். தான் வளர்த்த மரத்தின் காய் தன் வீட்டுக் கறியிலே விழும் மகிழ்ச்சியைப் பிள்ளை சுவைக்கும். பத்துப் பதினொரு வயதில் வேம்பு. அது நிழலைத் தருவதற்குப் பல ஆண்டுகள் செல்லும். ஆயினும் பிள்ளை பாடசாலையை விட்டு நீங்குமுன் அதன் கீழே ஒருநாள் நின்று பார்க்கலாம். பதினாறு வயதை அடைந்த மாணாக்கனுக்கும் மாணாக்கிக்கும் பனை. பனை பூப்பதற்கு 12 முதல் 20 ஆண்டுகள் வரை செல்லும். விதையிட்டவர் தம் நடுவயதிலேதான் அதன் பயனைக் காண்பர். அல்லது காணாமலும் போவர். தனக்கன்றிப் பிறர்க்கென ஒன்றைச் செய்யும் மனம் அவ்வயதிலேதான் முதிர்கின்றது. இவ்வாறு விரைந்து வளரும் மரத்திலே தொடங்கி மெல்ல வளரும் மரத்திலே முடிப்பது, பிள்ளையின் பொறுமையையும் படிப்படியாக வளர்ப்பதாகும்.

நட்ட மரத்துக்கு ஒரு கொப்பி வேண்டும். நட்ட நாள், நட்டவர் பெயர், முதல் தளிர் கண்ட நாள், ஆண்டுக்கொருமுறை அளந்த உயரமும் சுற்றளவும், வந்தமர்ந்த பறவை, நேர்ந்த நோய் ஆகியன அதிலே எழுதப்படவேண்டும். கணக்கும் விஞ்ஞானமும் மொழியும் ஒரே கொப்பியிலே சேர்வதால் நேரமில்லை என்னும் குறை எழ இடமில்லை. வகுப்பேறிச் செல்லும் மாணவர் தம் மரத்தையும் கொப்பியையும் கீழ்வகுப்புப் பிள்ளையொன்றிடம் ஒப்படைத்துச் செல்லல் வேண்டும். அப்போது மரத்துக்கு உரியவர் இல்லாத நாள் என்று ஒன்று இராது. விடுமுறைக்கு நீர் ஊற்றுவார் பட்டியலொன்றும் அக்கொப்பியின் முதற்பக்கத்தில் இருத்தல் வேண்டும். ஆவணி விடுமுறையிலே உயிர்பிழைத்த கன்றே பாடசாலையின் உண்மையான பெறுபேறு. நீர் குறைந்த இடங்களிலே கன்றின் அருகே பொச்சுமட்டைகளைப் புதைத்தால் ஈரம் நெடுநேரம் நிற்கும். சிறு துவாரமிட்ட மண்முட்டியைப் புதைத்து நீர் நிரப்பினால் அது கசிந்து வேரை நனைக்கும். ஆட்டுக்குக் கருக்குமட்டை வேலி போதும்.

அன்பு மாத்திரம் காவலாகாது, அறிவும் வேண்டும். பட்டையைச் சுற்றி வளையமாக உரித்தால் பூவரசு ஏன் பட்டுப்போகிறது என்பதைப் பிள்ளை அறிதல் வேண்டும். இலை சமைக்கும் உணவு பட்டையின் உட்புறத்து வழியாகவே வேருக்கு இறங்குகிறது. அவ்வழி முற்றாக அறுந்தால் வேர் பட்டினி கிடந்து மடியும். விளம்பரத் தகட்டை மரத்திலே ஆணியடித்துத் தொங்கவிடுவோர் இதனைப் பிள்ளைகளிடம் கேட்டறியும் காலம் வரவேண்டும். பனைக்கோ இயல்பு வேறு. வளரும் குருத்து அதற்கு ஒன்றே ஒன்று. பூவரசின் கிளையை வெட்டினால் இன்னொரு கிளை தளிர்க்கும். பனையின் தலை போனால் மரம் போயிற்று. போர் முடிந்த பின்னரும் பல ஆண்டுகள் தலையிழந்த பனைகள் தூண்கள்போல் வரிசையாக நின்றன. அவை ஏன் மீண்டும் தளிர்க்கவில்லை என்று கேட்ட பிள்ளைக்கு, விஞ்ஞான பாடமும் வரலாற்றுப் பாடமும் ஒருங்கே சொல்லப்பட வேண்டியிருந்தது.

மரத்தை வெட்டுதலே பாவம் என்று பிள்ளைக்குச் சொல்லுதலும் பிழையாகும். ஆண்டுதோறும் குழை வெட்டப்பட்டும் உயிர்வேலி செழிக்கின்றது. முதிர்ந்த பனையின் வைரமே வீட்டுக்கு வளையாகின்றது. பனையிலேறிச் சீவி வாழ்ந்த தொழிலாளரும், ஓலையிலே பாய், பெட்டி, கடகம் இழைத்து வாழும் பெண்களும் மரத்தின் பகைவரல்லர். அவர்களே அதன் நெருங்கிய காவலர். அவர்களைப் பாடசாலைக்கு அழைத்து, அவர்கள் தொழிலை மாணவர் முன்னிலையிலே செய்து காட்டும்படி கேட்பது மரத்துக்கும் பெருமை, தொழிலுக்கும் பெருமை. எதனை, எப்போது, எவ்வளவு எடுக்கலாம் என்னும் அளவறிவே பிள்ளைக்கு வேண்டுவது.

சட்டத்தின் துணையும் இந்நாட்டில் உண்டு. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் அனுமதியின்றித் தறிக்கலாகாதெனக் குறித்த மரங்களுள் பலாவும் பெண்பனையும் அடங்கும். பனைவளத்தைப் பெருக்கும் பொருட்டு 1978இல் பனை அபிவிருத்திச் சபையும் நிறுவப்பட்டது. இவை நன்று. ஆயினும், ஒரு வடலி ஆண்பனையோ பெண்பனையோ என்பது அது பூக்கும் நாள்வரை எவர்க்கும் தெரியாது. வடலி என்பது முழங்கால் உயரத்தில் நிற்கும் நாலு ஓலை. காணி துப்புரவு செய்வோர் கண்ணுக்கு அது பற்றை. வீடு கட்டுவோர் கண்ணுக்கு அது தடை. பாம்புக்கு அஞ்சுவோர் கண்ணுக்கு அது பகை. மண்வெட்டி ஒருமுறை எழுந்து விழுந்தால் அதன் கதை முடிந்தது. பெரிய இயந்திரம் வந்தால் ஒரு முற்பகலிலே நூறு வடலிகளின் கதை முடியும். அந்த இடத்திலே ஒரு சட்டப்புத்தகமும் நிற்பதில்லை. ஓர் அதிகாரியும் நிற்பதில்லை. நிற்கக்கூடியது அவ்வீட்டுப் பிள்ளை. “அப்பா, அது பற்றையில்லை, வடலி, அதை விட்டு வெட்டுங்கோ” என்று சொல்ல அப்பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் அதுவே காவல். அவ்வொரு வசனத்தைச் சொல்லும் அறிவையும் துணிவையும் கொடுப்பதே மரக்கல்வியின் முடிந்த பயன்.

பெற்றோர்க்கும் இதிலே பங்குண்டு. உயிர்வேலியை அகற்றி மதில் எழுப்பும் காலம் இது. மதில் வேண்டாமென்று எவரையும் தடுத்தல் இயலாது. ஆனால் மதிலின் உட்புறத்திலே ஒரு வேம்புக்கும், காணியின் கோடியிலே இரண்டு பனைக்கும் இடம் விடுதல் எவர்க்கும் இயலும். கோயிற் பரிபாலகர்க்கும் பங்குண்டு. ஆலும் அரசும் வேம்பும் இந்நாள்வரை பிழைத்தமைக்கு அவற்றின் அடியிலே வைரவரும் பிள்ளையாரும் வீற்றிருந்தமை பெருங்காரணமாகும். அம்மரங்களின் அடிவரை சீமெந்து இட்டு மூடிவிட்டால் வேருக்கு நீரும் காற்றும் செல்லா. கும்பிட வரும் பிள்ளை, தெய்வத்துக்குக் கட்டடம் எழுப்பித் தெய்வ மரத்தை வாடவிட்ட காட்சியைக் காணலாகாது.

எல்லாவற்றிலும் எளிய வேலையொன்று ஒவ்வொரு வீட்டுக்கும் உரியதாக இருக்கின்றது. ஆடி, ஆவணி, புரட்டாதியிலே பனம்பழம் விழும். ஒரு பழத்தில் மூன்று வரை விதைகள் இருக்கும். அவற்றைப் பொறுக்கிக் கிழங்குக்காகப் பாத்தியிடுவது வழக்கம். பனம்விதையின் முளை முதலில் மண்ணுக்குள்ளே கீழ்நோக்கி இறங்குகின்றது. அதுவே தையிலும் மாசியிலும் கிழங்காகக் கிண்டப்படுகிறது. கிண்டிய ஒவ்வொரு கிழங்கும் ஒரு பனையாக வளர்ந்திருக்கக்கூடியதே. அதற்காகக் கிழங்குண்பதைக் கைவிட வேண்டியதில்லை. பனை இடம்பெயர்த்து நடுதற்கு இசையாத மரம். நிற்க வேண்டிய இடத்திலேயே விதையிடல் வேண்டும். ஆதலின், பாத்திக்கென்று கொண்டுவந்த விதைகளுள் பத்தை எண்ணிப் பிள்ளையின் கையிலே கொடுத்து, காணியின் எல்லையோரமாக ஒரு சாண் ஆழத்தில் இடச் செய்க. அவ்விடத்தைப் பிள்ளை நினைவில் வைக்கட்டும். முதல் ஓலை மண்ணைக் கீறி வெளிவர மாதங்கள் பல செல்லும். அதுவரை அங்கே ஒன்றுமில்லை என்றே பிறர் எண்ணுவர். அங்கே ஒன்று இருக்கின்றது என்பது அப்பிள்ளைக்கு மாத்திரம் தெரியும்.

பத்திலே ஐந்து பிழைத்தாலும் இலாபமே. இந்த ஆண்டு ஆறாம் வகுப்பிலே படிக்கும் பிள்ளை முப்பது வயதை அடையும்போது அவற்றுள் ஒன்றேனும் பாளை விட்டிருக்கும். அன்று அதன் நுங்கை வெட்டிக் கொடுப்பதற்கு அப்பிள்ளைக்கும் ஒரு பிள்ளை இருக்கும்.